தண்ணீர் விளக்கும் எண்ணெய் விளக்கும்

தண்ணீரை ஊற்றி விளக்கெரித்தவர் யார் என்று நம் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு பள்ளிப் பிள்ளையை நிறுத்திக் கேட்டாலும், வடலூர் வள்ளலார் என்று உடனே விடை வரும். எண்ணெயை ஊற்றி விளக்கெரித்தவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. அது எல்லார் வீட்டிலும் நடக்கிற காரியம். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது? இராமலிங்க சுவாமிகளின் வாழ்க்கையைக் கிடைத்த நூல்களைக் கொண்டு இந்த விடுமுறையில் படித்தேன். அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது இந்த இரண்டாவது கேள்வியைத்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த நோக்கில் அவருடைய வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நமக்கு அவர் மிகவும் பழகிப் போனவர். வடலூர் என்பது விருத்தாசலம் செல்லும் பேருந்து நிற்கும் ஓரிடம். வெள்ளாடையால் தலையை மூடி, கைகட்டி நிற்கும் அந்த உருவம் மளிகைக் கடை நாட்காட்டியில் உள்ள படம். தைப்பூசம் ஒரு விடுமுறை நாள். அவர் பிறந்த நாளைத் தனிப்பெருங்கருணை நாளாக அரசு 2021இல் அறிவித்தது. 2023இல் அவர் பிறந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. விழாக்கள் நடந்தன, மாணவர்களாகிய நாம் பேச்சுப் போட்டிகளில் கலந்து பரிசும் பெற்றோம். பழகிய பொருளின்மேல் கண் நிற்பதில்லை. கடவுளும் நமக்கு இப்படித்தான் பழகிவிட்டார். தேர்வுக்கு முன்னால் ஒருமுறை, முடிவு வெளிவரும் நாளில் ஒருமுறை நினைக்கிறோம். இடையில் உள்ள நாட்களில் அவருக்கு நம்மிடம் வேலையில்லை.

இராமலிங்கர் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்திற்கு வடமேற்கே உள்ள மருதூரில் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை. ஊர்க் கணக்கு எழுதியும் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் வாழ்ந்தவர். தாய் சின்னம்மை. உடன் பிறந்தோர் நால்வர், இவர் கடைக்குட்டி. கைக்குழந்தையாக இருந்தபோதே பெற்றோர் இவரைத் தில்லைக்கு எடுத்துச் சென்றார்கள்.

தில்லைச் சிற்றம்பலத்தில் திரை தூக்கிக் காட்டும் இரகசியத்தைப் பற்றி இந்த இதழைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரை விலகினால் அங்கே உருவம் எதுவும் இல்லை; பொன் வில்வ மாலை தொங்கும் வெற்றிடமே இருக்கிறது. அதை முதன்முதலாகக் காண்பவருக்கு ஒரு திகைப்பு உண்டாகும். பல ஆண்டுகள் கண்டவருக்கு அது உண்டாவதில்லை. அன்று திரை தூக்கப்பட்டபோது தாயின் கையிலிருந்த குழந்தை வாய்விட்டுச் சிரித்தது என்றும், அங்கிருந்த தீட்சிதர் ஒருவர் அதைக் கண்டு வியந்தார் என்றும் வரலாறு கூறுகிறது. இதைப் பிற்காலத்து அன்பர்கள் கட்டிய கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு பருவத்தில் தாய் முதலியோருடன் தில்லையில் கண்ட அந்தக் காட்சியில் எல்லாம் தமக்கு வெளியாகிவிட்டது என்று அவரே தம் பாடலில் குறிப்பிட்டிருக்கிறார். கைக்குழந்தையின் நினைவு எப்படி நிலைக்கும் என்று உளவியல் படிப்போர் கேட்கலாம். தாய் சொல்லச் சொல்லக் கேட்டு வளர்ந்த நினைவாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும், தம் வாழ்க்கை ஒரு வியப்பில் தொடங்கியது என்று அவர் நம்பினார் என்பது உறுதி.

அந்த வியப்பு அப்படியே நீடித்துவிடவில்லை. குழந்தை பிறந்த சில மாதங்களில் தந்தை காலமானார். சின்னம்மையார் பிள்ளைகளுடன் தம் பிறந்த ஊர்ப் பக்கமாகப் பொன்னேரிக்கும், பின் சென்னைக்கும் சென்றார். ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருப்பு. மூத்தவர் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காத்தார். தம்பியையும் தம்மைப் போல ஆக்க விரும்பித் தம் ஆசிரியராகிய காஞ்சிபுரம் மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பாடம் கேட்கப் போகாமல் கந்தகோட்டத்தில் நின்று பாடிக்கொண்டிருந்தார். அண்ணனின் கோபத்துக்கு அஞ்சிய காலத்தில் அண்ணியார் பாப்பாத்தியம்மாள் மறைவாகச் சோறிட்டுக் காத்தார். பசித்தவனுக்கு இடும் சோறு என்ன செய்யும் என்பதை அவர் முதலில் கற்ற இடம் இதுவாக இருக்கும் என்பது என் ஊகம்.

பிறகு மாடியறை கிடைத்தது. படிப்பதாக ஒப்புக்கொண்டு அங்கே சென்றவர், சுவரில் ஒரு கண்ணாடியை மாட்டி, விளக்கேற்றி, அதன் முன் அமர்ந்தார். அந்தக் கண்ணாடியில் திருத்தணிகை முருகன் காட்சி கொடுத்தான் என்று பாடினார். அப்போது வயது ஒன்பது என்பர். ஒரு கண்ணாடியும் ஒரு விளக்கும் எந்த வீட்டிலும் உள்ள பொருள்கள். நாம் கண்ணாடியின் முன் நின்றால் தலை சீவிக்கொண்டு கிளம்புகிறோம். அந்தப் பிள்ளை முகம் பார்க்கும் பொருளையே கடவுளைப் பார்க்கும் பொருளாக வைத்துக்கொண்டது. இந்த இரண்டு பொருள்களும் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

சென்னை வாழ்க்கையின் மற்ற பகுதிகளை விரைந்து கடந்துவிடலாம். அண்ணனுக்கு உடல் நலமில்லாத ஒரு நாளில் அவருக்குப் பதிலாகப் பெரியபுராணச் சொற்பொழிவுக்குச் சென்று அவையை வியக்க வைத்தார். நாள்தோறும் திருவொற்றியூருக்கு நடந்தார். பெரியோர் வற்புறுத்தலால் 1850ஆம் ஆண்டளவில் தமக்கை மகள் தனக்கோடியை மணந்தார். அந்த இல்லறம் பெயரளவில் நின்றது. அந்தப் பெண்ணின் உள்ளம் என்ன பாடுபட்டது என்பதை நூல்களில் ஒருவரும் எழுதவில்லை, எழுதியிருக்க வேண்டும். 1851இல் ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார்; 1854இல் மனுமுறை கண்ட வாசகத்தை உரைநடையில் எழுதினார். நகரத்தின் ஓசையும் பொருளாசை கொண்டோர் கூட்டமும் ஒவ்வாமல் 1858இல் சென்னையை விட்டுப் புறப்பட்டுத் தம் பிறந்த மண்ணுக்குத் திரும்பினார். சிதம்பரத்தில் அவரைக் கண்ட கருங்குழி மணியக்காரர் வேங்கட ரெட்டியார் தம் வீட்டிலேயே தங்குமாறு அழைத்துச் சென்றார். 1867வரை கருங்குழியே இருப்பிடம். அங்கிருந்து அடிக்கடி தில்லைக்குச் சென்று வழிபட்டார்.

தண்ணீர் விளக்கு எரிந்தது அந்தக் கருங்குழி வீட்டில்தான். சுவாமிகள் இருளில் இருப்பதை விரும்பாதவர். இரவெல்லாம் அறையில் விளக்கு எரிய வேண்டும். எண்ணெய்க் கலயத்தை நிரப்பி வைப்பது ரெட்டியாரின் மனைவி முத்தியாலம்மாளின் வேலை. ஒரு நாள் அந்த அம்மையார் வெளியூர் சென்றுவிட்டார். புதிதாக வாங்கிய கலயத்தைப் பழக்குவதற்காக அதில் தண்ணீரை நிரப்பி, எண்ணெய்க் கலயம் இருக்கும் இடத்தில் வைத்திருந்தார். எழுதிக்கொண்டிருந்த சுவாமிகள் விளக்கு மங்கும்போதெல்லாம் அந்தக் கலயத்தை எடுத்து ஊற்றினார். விடியும்வரை விளக்கு எரிந்தது. ஊர் திரும்பிய அம்மையார் கலயத்தைப் பார்த்துத் திகைத்தார். நிகழ்ச்சி இவ்வளவுதான். சுவாமிகளும் இதைத் தம் பாடலில் இறைவனின் அருட்செயலாகக் கூறியிருக்கிறார்.

நான் மூன்றாம் ஆண்டு வேதியியல் படிப்பவன். நண்பர்கள் இந்தக் கதையைச் சொல்லி, தண்ணீர் எரியுமா, உன் வேதியியல் என்ன சொல்கிறது என்று என்னை மடக்குவதுண்டு. எரியாது என்பதே வேதியியல் சொல்லும் விடை. அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. நம்புகிறவர் நம்பட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். இரு சாராரும் கவனிக்காத ஒன்றையே நான் சொல்ல விரும்புகிறேன். அன்று இரவு சுவாமிகளுக்கு எந்த வியப்பும் ஏற்படவில்லை! தாம் ஊற்றியது தண்ணீர் என்பதே அவருக்குத் தெரியாது. வியந்தது மறுநாள் வந்த முத்தியாலம்மாள். எண்ணெய் எரிவது அன்றாடச் செயல், தண்ணீர் எரிவது அற்புதம் என்று பிரித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த இரவு அதிசயம். எண்ணெய் எரிவதையே ஒவ்வொரு நாளும் அருளின் விளக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு, கலயத்தில் எது இருந்தது என்று பார்க்கத் தோன்றவில்லை.

இதே ஆண்டுகளில் கடல்களுக்கு அப்பால் நடந்த ஒன்றையும் இங்கே சொல்லத் தோன்றுகிறது. 1860ஆம் ஆண்டின் இறுதியில், கிறிஸ்துமஸ் விடுமுறையில், இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் பாரடே சிறுவர்களைக் கூட்டி ஆறு சொற்பொழிவுகள் நிகழ்த்தத் தொடங்கினார். கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் கற்று, மின்னியலின் தந்தையரில் ஒருவராக உயர்ந்தவர்; சிறியதொரு கிறித்தவச் சபையில் ஆழ்ந்த பற்றுள்ளவர். ஆறு சொற்பொழிவுகளுக்கும் அவர் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு மெழுகுவத்தி. மெழுகு உருகித் திரியில் ஏறுவது ஏன், சுடரின் நடுவில் இருட்டாக இருப்பது என்ன, அதன் ஒளி எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். சுடருக்கு மேலே குளிர்ந்த பாத்திரம் ஒன்றைப் பிடித்து, அதன் அடியில் நீர்த்துளிகள் திரள்வதைக் காட்டினார். விளக்கு எரிந்தால் நீர் உண்டாகிறது! கருங்குழியில் நீர் விளக்கானது; இலண்டனில் விளக்கு நீரானது. நம் வீட்டு அகல்விளக்கிலும் இதுவே ஒவ்வொரு மாலையும் நடக்கிறது, ஒருவரும் திகைப்பதில்லை. பாரடே தம் கடைசிச் சொற்பொழிவில் மனிதன் மூச்சுவிடுவதும் மெழுகுவத்தி எரிவதும் ஒரே வகைச் செயல் என்று விளக்கினார். உண்ட சோறு உடம்புக்குள் மெல்ல எரிகிறது. அதுவே உயிரின் வெப்பம்.

நம் ஆய்வுக்கூடத்தில் சுடர்ச் சோதனை செய்கிறோம். பர்னரில் உப்பைக் காட்டினால் சோடியம் பொன்மஞ்சளாகவும், கால்சியம் செங்கல் நிறமாகவும், பேரியம் பச்சையாகவும் எரிகின்றன. முதல் நாள் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்று ஆவென்று பார்த்தோம். நான்காவது வாரம் நிறத்தை ஓரக்கண்ணால் பார்த்து ஏட்டில் எழுதிவிட்டு மணியைப் பார்க்கத் தொடங்கினோம். பாரடேயும் இராமலிங்கரும் ஒருவரையொருவர் அறிந்திலர்; இருவர் சென்ற வழியும் வேறு. நான்காவது வாரத்திலும் முதல் நாளைப் போலப் பார்த்தார்கள் என்பதே இருவருக்கும் பொது.

சுவாமிகளுக்குக் கண் மட்டுமன்று, காதும் அப்படியே இருந்தது. பிள்ளைப் பெரு விண்ணப்பம் என்னும் பகுதியில் தம் உள்ளத்தின் நிலையை இறைவனிடம் ஒரு மகன் தந்தையிடம் சொல்வது போல விரிவாகச் சொல்கிறார். காக்கை கரைந்தால் கலங்கினாராம். தெருவில் ஒருவரை ஒருவர் உரத்த குரலில் அழைத்தால் என்ன துன்பமோ என்று நடுங்கினாராம். நண்பர் ஒருவர் வீடு தேடி வந்தால், என்ன துயரைச் சொல்ல வந்திருக்கிறாரோ என்று அஞ்சினாராம். பயிர் வாடியதைப் பற்றிய பாட்டு எல்லாரும் அறிந்தது. மேடைகளில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்தும் போனது. இந்த விண்ணப்பத்தைப் படித்த பிறகு அந்தப் பாட்டுக்குச் செல்லுங்கள். அது அழகுக்காகச் சொன்ன சொல் அன்று என்பது புரியும். அவருக்குச் சாதாரண ஓசை என்று ஒன்று இருந்ததில்லை. இப்படி வாழ்வது எளிதன்று. நாம் பழகிப்போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழகாவிட்டால் தாங்க முடியாது. அவர் தாங்கிக்கொண்டார். அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882இல் பிரம்மஞான சபையாரிடம் அளித்த வாக்குமூலத்தில், சுவாமிகளின் முகத்தில் எப்போதும் ஒரு துயரத்தின் சாயல் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை சில பிடி சோறு மட்டுமே உண்பார் என்றும் அதில் காண்கிறோம்.

1867ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையின் நடு முகடு. அந்த ஆண்டு பிப்ரவரியில் வேலாயுத முதலியாரின் முயற்சியால் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் அச்சாகி வெளிவந்தன. அருட்பா என்று பெயரிடலாமா கூடாதா என்று பெரும் பூசல் எழுந்து, ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு 1869இல் நம் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்துக்கே வந்தது. அந்தச் சண்டையை இன்றும் விரித்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அதில் சுவையில்லை. அதே 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் நடந்ததே பெரிது.

பார்வதிபுரம் என்ற வடலூர் மக்கள் ஏறக்குறைய எண்பது காணி நிலத்தை எழுதிக் கொடுத்தார்கள். அங்கே தருமச்சாலை தொடங்கியது. சாதி, சமயம், ஊர் எதுவும் கேட்காமல் பசித்து வந்தவர் எவருக்கும் சோறு. அதற்கு முந்தின ஆண்டுதான் ஒரிசாவிலும் சென்னை மாகாணத்தின் சில பகுதிகளிலும் பஞ்சம் உண்டாகியிருந்தது. சுவாமிகள் தம் கையால் மூட்டிய அடுப்பு அன்றுமுதல் அணையாமல் எரிந்து வருகிறது. அடுப்பு என்று சொன்னால் நம் வீட்டு அடுப்பை எண்ணிவிடக் கூடாது. அது இருபத்தோரடி நீளமுள்ளது. 1876 முதல் 1878வரை தென்னாட்டை உலுக்கிய பெரும் பஞ்சத்தின்போதும் அந்த அடுப்பு இருந்தது. பாரடே காலமானதும் அதே 1867இல், ஆகஸ்டு மாதம்.

தொடக்க நாளில் படிப்பதற்காக அவர் எழுதியது ஜீவகாருண்ய ஒழுக்கம். பசியைப் பற்றி இவ்வளவு நுட்பமாக எழுதிய நூல் தமிழில் வேறு உண்டா என்று எனக்கு ஐயம். பசித்தவனின் அறிவு மங்குவது, கண் குழிவது, காது அடைப்பது, நா உலர்வது, கைகால் தளர்வது என்று ஒரு மருத்துவர் குறிப்பெடுப்பது போல வரிசையாக எழுதுகிறார். ஏழையின் அறிவாகிய விளக்கைப் பசி என்னும் நச்சுக்காற்று அணைக்கப் பார்க்கிறது. சோறு கொடுப்பவன் அதை அணையாமல் ஏற்றுகிறான் என்பது அவருடைய கருத்து. விளக்கு மறுபடியும் வந்துவிட்டது பாருங்கள்! உண்டவுடன் அந்த முகத்தில் தோன்றும் தெளிவு இருக்கிறதே, அதுவே கடவுளின் விளக்கம் என்கிறார். கொடுத்தவன் முகத்திலும் அது தோன்றுகிறது என்கிறார். தில்லையில் திரை தூக்கியபோது கண்டதையே அவர் இங்கே இலையின் முன்னால் காண்கிறார் என்று நான் கொள்கிறேன். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கர்மேல் மடத்தில் சமையல் வேலை பார்த்த லாரன்ஸ் என்ற சகோதரரும், பாத்திரங்களின் நடுவே கடவுளின் முன்னிலையை உணர்ந்தவராகப் போற்றப்படுகிறார். சமையற்கட்டில் கடவுளைக் கண்டவர் பிற நாடுகளிலும் உண்டு. பசித்தவனுடைய முகம் மாறும் அந்த நொடியில் கண்டுகொள் என்று இடத்தைச் சுட்டிக் காட்டியது வடலூர்.

அந்தச் சாலையில் நானும் ஒரு நாள் பந்தியில் அமர்ந்தேன். எனக்கு எதிரே ஒரு முதியவர். தோளில் ஒரு துணிப்பை. சோறு விழும்வரை அவர் எவரையும் பார்க்கவில்லை, இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலைந்து கவளம் உள்ளே போன பிறகு தலை நிமிர்ந்தார். பக்கத்தில் இருந்த குழந்தையிடம், தம்பி, குழம்பு கேட்டு வாங்கிக்கோ என்றார். அவ்வளவுதான். நூலில் படித்த முகத் தெளிவு என்பது இப்படி இருக்கும் என்று அப்போது அறிந்தேன். காலையில் உண்ணாமல் முதல் பேருந்தைப் பிடித்து வகுப்புக்கு வருபவர்கள் நம்மிலும் உண்டு. பதினொரு மணி வகுப்பில் அவர்களுடைய கண்களைப் பார்த்தால், நச்சுக்காற்று என்ற சொல் உவமையாகத் தோன்றாது.

இங்கே ஓர் இடைச்செய்தி. வடலூருக்கு அண்மையில்தான் நெய்வேலி இருக்கிறது. 1956இல் அங்கே நிறுவனம் அமைத்து, பின்னர்ப் பழுப்பு நிலக்கரியை எடுக்கத் தொடங்கினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் மரங்கள் வாங்கிவைத்த வெயில் அது; நம் வீட்டில் மின்விளக்காக எரிகிறது. சோதி சோதி என்று ஒருவர் பாடி நடந்த வட்டாரத்தின் அடியில் இவ்வளவு நெருப்பு உறங்கியிருந்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். இதற்கு ஒரு பொருளும் கற்பிக்க வேண்டியதில்லை.

1870இல் சுவாமிகள் மேட்டுக்குப்பத்துக்கு இருப்பிடத்தை மாற்றிக்கொண்டார். அந்த இடத்துக்குச் சித்திவளாகம் என்று பெயரிட்டார். மறு ஆண்டு வடலூர்ப் பெருவெளியில் சத்திய ஞானசபை எழத் தொடங்கி, 1872ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள் தைப்பூசத்தன்று வழிபாடு தொடங்கியது. எண்கோண வடிவம். உள்ளே ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்மை, வெண்மை, கலப்பு. வடலூரை உத்தரஞான சிதம்பரம் என்று அவர் அழைத்தார். தில்லையில் திரைக்குப் பின் வெளி. வடலூரில் திரைகளுக்குப் பின் விளக்கும் கண்ணாடியும். வீராசாமித் தெரு மாடியறையில் ஒன்பது வயதுப் பிள்ளை வைத்திருந்த அதே இரண்டு பொருள்கள்! நாற்பது ஆண்டுகள் கோயில் கோயிலாகச் சென்று, ஆயிரக்கணக்கில் பாடி, கடைசியில் ஊருக்கெல்லாம் அவர் திறந்து காட்டியது ஒரு விளக்கை.

சபைக்கு அவர் வகுத்த விதிகளில் ஒன்றை நான் மறக்க முடியாது. உள்ளே தூசு துடைக்கவும் விளக்கு வைக்கவும் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவரும் எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவருமே செல்ல வேண்டும் என்றார். தூய்மை கருதிச் சொன்னார் என்பர், அது சரியே. விளக்கைப் பார்த்து இன்னும் வியக்கக்கூடியவர்கள் இந்த இரு வயதினர்தாம் என்பதும் அவர் எண்ணமாக இருக்குமோ என்று எனக்குப் படுகிறது. நம் வயதினரும் நம் பேராசிரியர் வயதினரும் வெளியே நிற்க வேண்டியவர்கள்.

1873 அக்டோபர் 22ஆம் நாள் சித்திவளாகத்தில் சன்மார்க்கக் கொடியை ஏற்றி, நீண்டதோர் உரை நிகழ்த்தினார். பேருபதேசம் என்பது அதன் பெயர். அதில் திரையைப் பற்றி அவர் கூறுவது கருதத்தக்கது. நம்மை மூடியிருப்பது பச்சைத் திரை. அது ஆசை முதலியவை. அதை நீக்குவதற்கு வேண்டியது ஒருவகை உஷ்ணம். இடைவிடாத விசாரத்தாலும் இறைவனை நினைந்து உருகுவதாலும் அந்த உஷ்ணம் உண்டாகும் என்கிறார். அப்படியானால் ஞானசபையின் திரைகள் கடவுளை மூடியவை அல்ல. பார்க்கிற கண்ணை மூடியவை. நாம் யார், நமக்கு மேல் உள்ள தெய்வத்தின் நிலை எப்படிப்பட்டது என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டே இருங்கள் என்பதே அந்த உரையின் உயிர். தம்மை வணங்கச் சொல்லவில்லை. தாம் முன்பு பாடிய சமயப் பாடல்களைக்கூடப் பற்றிக்கொண்டிருக்க வேண்டாம் என்றார். கேள்வி நின்ற இடத்தில்தான் பழக்கம் படியத் தொடங்குகிறது.

அடுத்த கார்த்திகை மாதத்தில், தம் அறைக்குள் எரிந்துகொண்டிருந்த விளக்கை எடுத்து வந்து வெளியே வைத்தார். இதை வழிபடுங்கள் என்று அன்பர்களிடம் சொன்னார். அந்த விளக்குக்குத் திரையில்லை. இரண்டு திங்கள் கழித்து, 1874 சனவரி 30ஆம் நாள் வெள்ளிக்கிழமை இரவு, அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். பிறகு அவரை எவரும் காணவில்லை.

ஊர் முழுதும் அந்தக் கதவைப் பற்றிப் பேசத் தொடங்கியது. அரசாங்க அதிகாரிகள் காதுக்கும் செய்தி எட்டியது. 1906இல் பிரான்சிஸ் என்ற ஆங்கில அதிகாரி எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கெஜட்டியரிலும் அவர் அறையில் புகுந்து பூட்டிக்கொண்ட செய்தி இடம்பெற்றிருக்கிறது. சோதியில் கலந்தார் என்பது அன்பர்களின் நம்பிக்கை. வேறு விதமாகப் பேசுவோரும் உண்டு. தைப்பூசம் முடிந்து மேட்டுக்குப்பம் சென்று அந்த அறையை வணங்கும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது. கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்று ஒன்றரை நூற்றாண்டாக வாதாடுகிறோம். அவர் எடுத்து வைத்த விளக்கு கதவுக்கு வெளியே இருந்தது.

அன்று இரவு மேட்டுக்குப்பத்தில் அன்பர்கள் கதவைப் பார்த்தபடி விழித்திருந்திருப்பார்கள். வடலூரில் மறுநாட் காலைக்கு அரிசி களைய வேண்டியிருந்தது. விடியுமுன்னே ஆட்கள் எழுந்து, அடுப்பில் விறகைத் தள்ளி உலை வைத்தார்கள்.